போதிய ஏற்பாடு

ஜூன் 11

அண்ணாவுக்கு,

உன் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் அம்மா பிரித்துவிடுவாள். நீ அவள் பக்கத்தில் இருக்கும்போது போனில் பேசினாலோ, வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நேற்று நாம் போட்ட சண்டையை டயாலிசிஸ் அறையில் படுத்திருந்த எல்லோரும் கேட்டார்களாம். அம்மாவிடமிருந்து போனை வாங்கி நர்ஸ் அக்காவே சொன்னார். "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் நல்ல தொண்டைம்மா" என்றார். எனக்கு நல்ல தொண்டை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கோபத்தில் போனை வைத்ததாக நினைக்காதே. அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்களே என்று வைத்துவிட்டேன்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். பாலத்தின் மேல் தண்ணீர் ஏறப்போகிறது என்று போலீசுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பஸ் டெப்போவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆற்றின் அந்தக் கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏன் தெரியவில்லை? அதற்கு நீ, "நான் ட்ரெயினிங்ல இருந்தேன், என்னை ஏன் கேக்கற" என்று கத்தினாய். பாலப் பிரிவில் இருப்பவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? உன்னைக் குற்றம் சொல்லவில்லை அண்ணா. சரி, கொஞ்சம் சொன்னேன்.

தையல்காரர் எப்படி இருக்கிறார்? அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் அவர் இல்லாததை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டிவியில் எந்தச் சேனல் என்பதற்கு அம்மா இனி யாரோடு சண்டை போடுவாள்? காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் பாலம் மூடியது அவருக்குத் தெரிந்ததாம். அந்த வாரம் அவர் முறையை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தார்களாம்; அதுவும் தவறிவிட்டது. மறுநாள் மூச்சு வாங்கி, ஆம்புலன்சில் மலைப்பாதையைச் சுற்றிக்கொண்டு போகும்போது, பழுதாகிக் கிடந்த லாரிக்குப் பின்னால் நின்றதாம் வண்டி. அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்திருப்பார்? அன்றைக்கு முறை அம்மாவுடையதாக இருந்திருந்தால்?

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பாலம் வருஷத்துக்குப் பல முறை மூடுகிறது. இதுவரை யாருக்கும் முறை தவறியதில்லையே. இந்தத் தடவை மட்டும் எப்படி?

மேடத்திடம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அவருக்கு நாடாளுமன்றத்தில் கேட்கக் கேள்விகள் தயார்செய்து கொடுப்பதுதானே என் வேலை. "என் பொண்ணு மந்திரியையே கேள்வி கேக்கற உத்தியோகத்துல இருக்கா" என்று அம்மா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கேட்பது மேடம், நான் எழுதிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவள் என்று எத்தனை முறை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

பதில் போடு. போன் வேண்டாம்.

தங்கை


ஜூன் 17

ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதம் வந்தப்போ எங்க செயற்பொறியாளர் என் மேசைக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தார். "என்னய்யா, ஆபீஸ் விலாசத்துக்குக் காதல் கடிதமா?"ன்னு எட்டிப் பார்த்தார். தங்கச்சின்னதும் மனுஷனுக்கு ஆர்வம் போயிடுச்சு.

முதல்ல நல்ல சேதி. தையல்காரர் பிழைச்சுட்டார். தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே வந்தாச்சு. கண்ணைத் திறந்ததும் ஏசியைக் குறைக்கச் சொன்னாராம். விஷயம் தெரிஞ்சதும் நம்ம அம்மா, "உசுரு வந்துடுச்சுல்ல, அதான் அதிகாரமும் வந்துடுச்சு"ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாளாம். இதையும் நர்ஸ்தான் சொன்னாங்க. அந்த நர்சுக்குத் தெரியாம நம்ம வீட்டுல ஒண்ணும் நடக்காது போல.

இப்ப உன் சந்தேகத்துக்கு வர்றேன். பொறுமையா படி.

மேலே அணையில தண்ணி திறக்கறதுக்கு முதல் நாளே எங்க பாலப் பிரிவுக்குத் தகவல் வந்துடும். எழுத்தர்ங்கற முறையில நான் மூணு இடத்துக்குப் போன் பண்ணணும். போலீஸ், பஸ் டெப்போ, கல்குவாரி. குவாரி எதுக்குன்னா, முன்னொரு காலத்துல அவங்க லாரி பாலத்து நடுவுல மாட்டி, வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு, அன்னையிலிருந்து வழக்கம். ஆஸ்பத்திரி அதுல கிடையாது. பாலம் கட்டின காலத்துல அந்தக் கரையில ஆஸ்பத்திரியே கிடையாது.

இந்த மூணு போனும் முடிஞ்சதும் நாலாவதா வீட்டுக்கு ஒண்ணு போடுவேன். "அம்மா, நாளைக்குப் பாலம் இருக்காது. சாயங்காலமே அக்கரைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிடு." அம்மா அந்தப் பச்சைப் பையில மாத்துத் துணியும் மாத்திரையும் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பா. பஸ் ஸ்டாப்புக்கு நேரெதிர்லதான் தையல்கடை. இதுக்கு மேல நடக்கறது எனக்கே போன வாரம்தான் தெரியும். அம்மா பையோட நிக்கறதைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்திட்டு, இந்தக் கரையில இருக்கற டயாலிசிஸ்காரங்க எல்லாருக்கும் போன் போடுவாராம். "அக்கா பையோட நிக்கிறாங்க, கிளம்புங்க." அவ்வளவுதான். எல்லாரும் அன்னைக்கே ஆத்தைத் தாண்டிடுவாங்களாம். இத்தனை வருஷமும் யாருக்கும் முறை தவறாததுக்குக் காரணம் இந்த அரசாங்கம்னு நீயும் நானும் நினைச்சோம் பாரு!

நான் ட்ரெயினிங் போன வாரம் என் நாற்காலியில இருந்த பையன் மூணு போனையும் ஒழுங்கா பண்ணிட்டான். நாலாவது போன் இருக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா பையோட வரலை. தையல்காரர் நிம்மதியா தூங்கிட்டார்.

இப்ப சொல்லு, இதுல என்னத்தைக் கேள்வி கேப்பே? தயவுசெஞ்சு கேக்காதே. நீ கேட்டா அது மந்திரிகிட்ட போகும், அவர் செயலாளருக்குத் தள்ளுவார், அவர் தலைமைப் பொறியாளருக்கு, அவர் இவருக்கு, இவர் அவருக்குன்னு படிப்படியா இறங்கி, கடைசிப் படியில பேனாவோட யார் உக்காந்திருக்கான் தெரியுமா? உன் அண்ணன். தங்கச்சி கேக்க, அண்ணன் பதில் சொல்ல, நடுவுல ரெண்டு பெரிய மனுஷங்க எழுந்து நின்னு வாசிக்க. நல்லா இருக்குமா இது?

அண்ணன்


ஜூன் 27

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன்.

தாமதமாகச் சொல்கிறாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே விஷயத்தை மேடத்திடம் கொடுத்துவிட்டேன். வாயால் சொல்லவில்லை, வழக்கம்போல ஒரு சீட்டில் எழுதி மேடத்தின் டீக்கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து கையால் கூப்பிட்டார். "இந்த நோயாளியை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் அம்மாவும் அங்கேதான் போகிறாள் என்றேன். என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். நோயாளி சம்பந்தப்பட்டது என்பதால் கேள்வியைச் சுகாதார அமைச்சருக்கு எழுதினேன். "இது பாலம் தொடர்பானது, எங்கள் துறையைச் சார்ந்ததல்ல" என்று திரும்பி வந்தது. சாலைத் துறைக்கு அனுப்பினோம். "இது நோயாளிகள் தொடர்பானது" என்று அங்கிருந்தும் வந்தது. மேடம் இரண்டு தாளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "நோயாளி கட்டில்ல படுத்திருந்தா சுகாதாரத் துறை. பாலம் இடிஞ்சு விழுந்தா சாலைத் துறை. நோயாளி பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னா அவர் யாரு? அநாதையா?" என்றார். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஒரே கேள்வியை இரண்டு அமைச்சர்களுக்கும், ஒரே நாளில் பதில் சொல்லும்படி போடுவது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால், அவரும் அதே அவையில்தான் உட்கார்ந்திருப்பார்.

கேள்வியின் வாசகத்தை உனக்கு எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அது உன்னிடம் வரவேண்டிய வழியில் வரட்டும். நாலாவது போனை நீ போடுவதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தாலும் போட்டிருப்பேன். ஆனால் போன் போட ஆள் இல்லாத வீடுகளை நினைத்தால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூலை 14

ஊமைக்கோட்டானுக்கு,

வந்தது உன் கேள்வி. சிவப்புத் துண்டு ஒட்டி, 'மிக அவசரம்'னு எழுதி, ஏழெட்டுக் கையெழுத்தோட. பெத்த பிள்ளை மாறுவேஷத்துல வந்து கதவைத் தட்டின மாதிரி இருந்துச்சு. பார்த்ததும் உன் எழுத்துன்னு தெரிஞ்சுது. 'தகவல் அளிக்க என்ன ஏற்பாடு உள்ளது, அது கடைசியாக எப்போது பயன்பட்டது.' வேற யாரு இப்படி ஊசியைப் பஞ்சுல சுத்திக் குத்துவா?

இப்ப நீ என் மேல கொதிச்சுப் போயிருப்பே. டிவியில நானும் பார்த்தேன். மந்திரி எழுந்து, "நோயாளிகளுக்குத் தகவல் அளிக்கப் போதிய ஏற்பாடுகள் உள்ளன"ன்னு வாசிச்சார். நான் எழுதினது அது இல்ல. நம்பு.

'நோயாளிகளுக்குத் தகவல் அளிக்க ஏற்பாடு எதுவும் இல்லை'ன்னுதான் எழுதினேன். எழுதிட்டு ரெண்டு தரம் தண்ணி குடிச்சேன். உதவிப் பொறியாளர் பார்த்துட்டு, "எதுவும்கறது ரொம்ப வெறும் கையா இருக்கேப்பா"ன்னு அந்த வார்த்தையை அடிச்சார். செயற்பொறியாளர் அதை 'தனிப்பட்ட ஏற்பாடு இல்லை, பொதுவான ஏற்பாடு உண்டு'ன்னு மாத்தினார். அதுக்கு மேல இருந்தவர் இல்லைங்கறதைத் தூக்கிட்டு உண்டுங்கறதை மட்டும் வச்சுக்கிட்டார். தலைநகர் போய்ச் சேரும்போது போதிய ஏற்பாடு ஆயிடுச்சு. ஒவ்வொருத்தரும் ஒரு சொல்லைத்தான் தொட்டாங்க. யாரையும் பொய் சொன்னதா சொல்ல முடியாது. கடைசியில சுத்தமா டைப் அடிச்ச பிரதியில, எழுதினவன்ங்கற முறையில என்னை இனிஷியல் வைக்கச் சொன்னாங்க. வச்சேன். அதுக்கு நீ திட்டலாம்.

அந்த நேரம் டயாலிசிஸ் அறையில என்ன ஆச்சுன்னு கேளு. எல்லாரும் கையில குழாயோட படுத்துக்கிட்டு டிவி பார்த்திருக்காங்க. மந்திரி சொல்லி முடிச்சதும் எல்லாரும் அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாங்களாம். அப்புறம் தையல்காரர், "ஏங்க்கா, அவர் சொல்ற ஏற்பாடு உங்க பைதானே?"ன்னு கேட்டிருக்கார். எல்லாரும் சிரிச்ச சிரிப்புல ஒரு மெஷின் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சு, நர்ஸ் ஓடி வந்து, "சிரிக்கறவங்க கையை ஆட்டாம சிரிங்க"ன்னு திட்டினாங்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணுதான். "மந்திரிக்கு என் பை எப்படித் தெரியும்?"

அண்ணன்


ஜூலை 21

அண்ணாவுக்கு,

உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதி உறையில் போட்டு, முகவரியும் எழுதிவிட்டேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் காப்பாற்றி இங்கே வைக்கிறேன்: அந்த இனிஷியலை வைத்திருக்க வேண்டாம் நீ.

மந்திரி உட்கார்ந்த பிறகு நடந்தது டிவியில் வந்ததா? மேடம் எழுந்து, "போதிய ஏற்பாடுகள் என்று பன்மையில் சொன்னீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், போதும்" என்றார். பின்னால் இருந்த அதிகாரிகள் தாளைப் புரட்டினார்கள். சுகாதார அமைச்சர் சாலை அமைச்சரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். "விவரம் பெற்று அவைக்குத் தருகிறேன்" என்றார் சாலை அமைச்சர்.

அவையில் தருகிறேன் என்று ஓர் அமைச்சர் சொல்லிவிட்டால் அது அவர் கொடுத்த வாக்கு. அதை அவர் நிறைவேற்றினாரா என்று பார்க்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குழு இரண்டு துறைகளையும் ஆகஸ்டில் அழைக்கிறது. பாலம் மூடும் வேலையை நேரில் செய்கிறவரும் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். யார் வருவார் என்று உனக்குத் தெரியும்.

இதற்கு மேல் நான் மறைத்து வைக்கக் கூடாது என்று தோன்றியது. மேடத்திடம் சொன்னேன். "குழுச் செயலாளர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. சீட்டு வைக்காதீங்க, வாயால" என்றார். செயலாளர் அறை வாசலிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். மூன்றாவது முறை கதவை அவரே திறந்து வெளியே வந்தார். வேறு வழியில்லை.

"சார், சாட்சி சொல்ல வர்ற எழுத்தர் என் அண்ணன். எங்க அம்மா அங்க நோயாளி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லவா இத்தனை தடவை கதவுக்கு வெளியே நிழல் ஆடிச்சு?" என்றார். பிறகு, அந்த அமர்வுக்கு நான் எதுவும் தயாரிக்கக் கூடாது, யாருக்கும் சீட்டு கொடுக்கக் கூடாது, விருப்பமிருந்தால் பின்வரிசையில் உட்காரலாம் என்றார். சரியென்றேன்.

அதனால் அந்த நாள் வரை இதைப்பற்றி உனக்கு எதுவும் எழுத மாட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்காதே. கேட்டாலும் எனக்குத் தெரியாது. தையல்காரர் இனி எந்த மழைக்கும் தப்பிப்பாரா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவேண்டியது.

நான் தங்கியிருக்கும் அறைக்குப் புதிய விளக்கு போட்டுவிட்டார்கள். இப்போது சுவர்க் கறையெல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

தங்கை


ஆகஸ்ட் 3

ஊமைக்கோட்டானுக்கு,

நீ சொன்னபடி விஷயத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. வேற சந்தேகங்கள். பஸ்சை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்? உள்ளே செருப்புப் போட்டுக்கலாமா? டீ குடுப்பாங்களா, நம்மதான் வாங்கணுமா?

செயற்பொறியாளர் தினமும் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லித் தர்றார். "கேட்டா, 'பரிசீலனையில் உள்ளது'ன்னு சொல்லுங்க. மறுபடி கேட்டா 'மேலிடம் அறியும்'னு சொல்லுங்க." நல்ல மனுஷர்தான். அவருக்கும் ரெண்டு பிள்ளைங்க. "வாயைக் குடுத்து மாட்டிக்காதய்யா, மலைப்பாதைப் பிரிவுல ஒரு காலியிடம் இருக்கு"ன்னார். அது மிரட்டலா, கரிசனமான்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. அங்கே மாத்திட்டாங்கன்னா அம்மாவை வாரத்துக்கு மூணு நாள் பஸ் ஏத்தி விடறது யாரு? உன் அண்ணி ரெண்டு நாளா பேசாம என் சட்டைக்கே திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கா.

அம்மா நானும் வர்றேன்னு நின்னா. முடியாதுன்னதும், "அப்படின்னா என் பையைப் பத்திப் பேச்சு வந்தா பழைய பைன்னு சொல்லாதே. பச்சைப் பைன்னு சொல்லு"ன்னா.

அண்ணன்


ஆகஸ்ட் 15

அண்ணாவுக்கு,

நீ பஸ் ஏறிய பிறகும் நான் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

பின்வரிசையிலிருந்து எனக்கு உன் பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. காலர் கத்தி மாதிரி நின்றது. அண்ணியின் இஸ்திரி. உன் பொறியாளர் பேசப் பேச அந்தக் கழுத்தில் வியர்வை இறங்கியது. அவர் 'பொதுவான ஏற்பாடு' என்று மூன்றாவது முறை சொன்னபோது குழுத் தலைவர் கையைத் தூக்கி, "நீங்க உக்காருங்க. போன் பண்றது நீங்கதானே? நீங்க சொல்லுங்க" என்று உன்னைப் பார்த்தார்.

நீ எழுந்தாய். தண்ணீர் குடித்தாய். எல்லோரும் காத்திருக்க, டம்ளரை அதன் மூடியால் பொறுமையாக மூடினாய். பரிசீலனை என்று ஆரம்பிக்கப் போகிறாய் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க அம்மாவோட பைங்க" என்றாய்.

முதலில் சிரித்தார்கள். மேடம்கூட. நீ சிரிக்கவில்லை. மூன்று போன், நாலாவது போன், பஸ் நிறுத்தம், தையல்கடை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாய். கல்குவாரிக்குச் சொல்கிறோம், ஆஸ்பத்திரிக்குச் சொல்வதில்லை என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. "இதுதாங்க இருக்கற ஏற்பாடு. அது பச்சைக் கலர்" என்று முடித்தாய். சுருக்கெழுத்து எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார். அம்மாவின் பையின் நிறம் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய், நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டாய். சுகாதாரத் துறை அதிகாரி, "எங்களுக்கு யாரும் தகவல் சொன்னதில்லை" என்றார். உன் துறைக்காரர், "நீங்க கேட்டதில்லை" என்றார். தலைவர் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேர்கிட்டயும் போன் இருக்கா? எடுங்க. நம்பர் மாத்திக்கங்க. நாங்க பாத்துட்டிருக்கோம்" என்றார். அவ்வளவு பெரிய அதிகாரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் எண்ணை ஒருவர் சொல்லி, ஒருமுறை மணி அடித்துப் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் தலைவர், "ஆச்சா? இதுக்குத்தான் ஒருத்தர் சாகக் கிடந்தார்" என்றார்.

குழு எழுதியிருப்பது இது. அணையிலிருந்து தகவல் வந்ததும் முதல் போன் ஆஸ்பத்திரிக்கு. அடுத்த நாள் முறைக்காரர்களை ஆஸ்பத்திரியே முதல் நாள் கூப்பிட வேண்டும், இரவு தங்க அங்கேயே இடம் தரவேண்டும். தவறிப்போய் இந்தக் கரையில் நின்றுவிட்டவர்களுக்கு மலைப்பாதையில் வண்டி விட வேண்டும், அந்தப் பாதையை அன்று லாரிகளுக்கு மூட வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் செய்துவிட்டு அறிக்கை தரவேண்டும். இல்லையென்றால் மறுபடி அழைப்பார்கள். மேடம் தேதியைத் தன் மேசை நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டார்.

உன்னை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. வெளியே வந்ததும் நீ, "ஊமைக்கோட்டான், பின்னாடி உக்காந்துக்கிட்டு முதுகையே முறைச்சியே, குத்திச்சு" என்றாய். முறைக்கவில்லை அண்ணா.

தங்கை


அக்டோபர் 29

ஊமைக்கோட்டானுக்கு,

மழை வந்தாச்சு. பாலமும் மூடியாச்சு. அதனாலதான் நிதானமா எழுதறேன்.

என்னை மாத்தலை. மாத்த நினைச்சிருப்பாங்க. ஆனா குழு அனுப்பின கடிதத்துல 'தகவல் அளிக்கும் பொறுப்பு பாலப் பிரிவு எழுத்தருக்கு'ன்னு இருக்காம். இப்ப எழுத்தரைத் தூக்கினா ஏன்னு உன் மேடம் கேப்பாங்களேன்னு விட்டுட்டாங்க. செயற்பொறியாளர் ரெண்டு வாரம் பேசலை. மூணாவது வாரம் அவரே டீ வாங்கிக் குடுத்து, "பச்சைக் கலர்னு வேற சொன்னியே"ன்னு சிரிச்சுட்டார்.

முதல் ஒத்திகை ஞாயித்துக்கிழமை வச்சோம். அவங்க குடுத்த நம்பருக்குப் போன் பண்ணினா கேன்டீன்ல எடுத்து, "எத்தனை டீ?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே நம்பரை மாத்த வச்சேன். இப்ப நேரா டயாலிசிஸ் அறைக்கே போகுது. நம்ம நர்ஸ்தான் எடுக்கறாங்க.

போன வாரம் நிஜமாவே தகவல் வந்துச்சு. முதல் போன் ஆஸ்பத்திரிக்கு. அரை மணி நேரத்துல தையல்காரருக்கு அங்கேயிருந்து அழைப்பு வந்துடுச்சு. மனுஷன் போனை வச்சுட்டு பஸ் ஸ்டாப்பை எட்டிப் பார்த்திருக்கார், அம்மா இல்லை. நம்பிக்கை வராம மறுபடி ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணி, "அக்கா இன்னும் பையோட வரலையே, நிச்சயமா மூடுதா?"ன்னு கேட்டிருக்கார். நர்ஸ் பொரிஞ்சு தள்ளிட்டாங்க. எல்லாரும் பொழுது சாயறதுக்குள்ள அக்கரைக்குப் போயாச்சு. ஒரு பேட்டரி கடைக்காரர் மட்டும் கிளம்பத் தாமதமாகி மாட்டிக்கிட்டார். மலைப்பாதையில வண்டி போய்க் கூட்டிட்டு வந்துச்சு. லாரி ஒண்ணும் குறுக்கே இல்லை.

இதுல வருத்தம் ஒருத்தருக்குத்தான். அம்மா வழக்கம்போலப் பையோட ஆஸ்பத்திரியில போய் இறங்கினா. எல்லாரும் ஏற்கெனவே வந்து உக்காந்திருக்காங்க. நர்ஸ், "இனிமே நீங்க பையைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்மா, படுக்கை, துணியெல்லாம் இங்கேயே தர்றோம்"னு சொல்லியிருக்காங்க. அதுலேர்ந்து அம்மா முகமே சரியில்லை. "இத்தனை வருஷம் சம்பளம் வாங்காம பாத்த வேலை. ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துட்டாங்க"ங்கறா. நான், "அது உன் பொண்ணு செஞ்ச வேலை"ன்னேன். "அவளா? வாயே திறக்க மாட்டாளே"ன்னா. சொல்லும்போது பெருமையில காது வரைக்கும் சிரிப்பு.

அண்ணன்


டிசம்பர் 8

அண்ணாவுக்கு,

ஒரு வேண்டுகோள். அம்மாவை ஒரு வாரம் என்னிடம் அனுப்பு. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வெளியூர்க்காரர்களுக்கும் டயாலிசிசுக்கு இடம் தருவார்கள் என்று தெரிந்ததும் நானே நேரில் போய்க் கேட்டேன். சீட்டு இல்லாமல், வாயால். அம்மாவுடைய நாட்களுக்கே இடம் கிடைத்துவிட்டது. அங்கே டாக்டரிடம் சிகிச்சை விவரம் எழுதிய ஒரு தாள் வாங்கிக் கொடுத்தனுப்பினால் போதும்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவள் ஆற்றைத் தாண்டிச் சித்தி வீட்டுக்கு மேல் எங்குமே போனதில்லை. என் அறையை, என் மேசையை, மேடத்தை அவளுக்குக் காட்டவேண்டும். மேடத்திடம் சொன்னேன். "பையைக் கொண்டு வரச் சொல்லுங்க, நான் பார்க்கணும்" என்றார்.

தங்கை


ஜனவரி 6

ஊமைக்கோட்டானுக்கு,

அம்மாவை பஸ் ஏத்திட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாடியே அவ வந்து சேர்ந்து, உன் சுவர்க் கறையையெல்லாம் குறை சொல்லி முடிச்சிருப்பா. ஆனாலும் இன்னைக்கு நடந்ததை எழுதாம இருக்க முடியலை.

தையல்காரர் புதுசா ஒரு பை தைச்சுக் குடுத்திருக்கார். கெட்டித் துணி, உள்ளே மாத்திரைக்குத் தனி அறை, நல்லா பளிச்சுன்னு பச்சை. காசு குடுத்தா வாங்கலை. "நிறம் மாறினா கணக்குல வராது அக்கா"ன்னாராம். அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு, தலையை அழுந்த வாரிக்கிட்டு, பஸ் ஸ்டாப்புல நின்னா பாரு, ஏதோ அவளே பாலத்தைக் கட்டின மாதிரி.

பஸ் கிளம்பி நான் ஆபீசுக்கு வந்து உக்காரலை, போன் அடிக்குது. பேட்டரி கடைக்காரர். "தம்பி, அம்மா பையோட போறாங்களே, தண்ணி வருதா?" இல்லைன்னு சொல்லி வச்சேன். அடுத்தது யாரோ ஒரு அம்மா. அடுத்தது இன்னொருத்தர். ஊர்ல பாதிப் பேர் பார்த்திருக்காங்க. கடைசியா நம்ம நர்ஸ். குரல்லயே கோபம்.

"ஏன் சார், அம்மா பையோட பஸ் ஏறிட்டாங்கன்னு என் நோயாளிங்க போன் மேல போன் பண்றாங்க. உங்க ஆபீஸ்லேர்ந்து எங்களுக்கு இன்னும் தகவல் வரலை. ஏன் வரலை? முதல் போன் எங்களுக்குத்தானே? எழுத்துல இருக்கு சார். நான் குழுவுக்கு எழுதட்டுமா?"

மலைச்சுப் போயிட்டேன். நான் இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து யாரும் எங்களை ஏன்னு கேட்டதில்லை. செயற்பொறியாளர் எட்டிப் பார்த்து யாருன்னு சைகையில கேட்டார். சிரிப்பை அடக்கிக்கிட்டு எழுந்து நின்னுதான் பதில் சொன்னேன்.

"மேடம், ஜன்னல் வழியா வானத்தைப் பாருங்க. ஒரு பொட்டு மேகம் இல்லை. எங்க அம்மா மகளைப் பார்க்கப் போறாங்க. அவ்வளவுதான்."

அண்ணன்